ஏமஞ்சாமம் முதல் விடியப்புறம் வரை

பத்திரிகை அலுவலகத்தில் இரவுப் பணி பார்த்தவர்கள் எல்லோருக்கும் பழக்கமான ஒரு சிறிய கேள்வி உண்டு. இரவு இரண்டு மணிக்கு ஒரு சம்பவம் நடக்கிறது. அதை 'நேற்றிரவு' என்று எழுதுவதா, 'இன்று அதிகாலை' என்று எழுதுவதா? செய்தியைத் தொலைபேசியில் தந்தவர் 'இராத்திரி' என்கிறார். பொலிஸ் பதிவேடு மறுநாள் திகதியைக் காட்டுகிறது. பத்திரிகையோ விடிந்த பின்னரே வாசகரின் கைக்குப் போகப்போகிறது. எந்தச் சொல்லைப் போட்டாலும் யாரோ ஒருவர் அதை ஒரு நாள் முன்பின்னாக விளங்கிக்கொள்ள இடமுண்டு.

நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக இக்கேள்வியோடு வாழ்ந்தவன் என்ற முறையில், நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடைப்பட்ட அந்த ஆறு மணிநேரத்தை நம்மவர்கள் எவ்வாறு பகுத்தார்கள், என்ன பெயர்கள் சூட்டினார்கள், அந்தப் பெயர்களால் நமது அண்மைக்கால வரலாற்றுப் பதிவுகளுக்கு நேர்ந்தது என்ன என்பதைச் சற்று விரிவாக எழுத விரும்புகிறேன். இது வெறும் சொல்லாராய்ச்சி அல்ல என்பதை இறுதிவரை வாசிப்பவர்கள் உணர்வார்கள்.

முதலில் கணக்கு. ஒரு நாளுக்கு 60 நாழிகை. ஒரு நாழிகைக்கு 24 நிமிடம். பகலுக்கு 30, இரவுக்கு 30. இரவு நான்கு சாமங்களாகப் பகுக்கப்பட்டது. ஒரு சாமத்துக்கு ஏழரை நாழிகை, அதாவது மூன்று மணிநேரம். இக்கணக்கின்படி நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடையில் வருபவை மூன்றாம் சாமமும் நாலாம் சாமமும். சிவராத்திரியன்று நமது ஆலயங்களில் நான்கு சாமப் பூசை நடைபெறுவது இந்தப் பகுப்பின்படியே. மணிக்கூடு வந்த பிறகும் இப்பகுப்பைக் கைவிடாமல் காத்துவருவன ஆலயங்களே எனலாம்.

இலக்கண மரபு வேறொரு பகுப்பைச் சொல்கிறது. தொல்காப்பியம் குறிஞ்சிக்கு யாமத்தையும், மருதத்துக்கு வைகறை விடியலையும் உரிய சிறுபொழுதாக வகுத்தது. நாளை ஆறு சிறுபொழுதுகளாகக் கொண்டு ஒவ்வொன்றுக்கும் பத்து நாழிகை என்று கணக்கிடுவோர், யாமத்தை ஏறத்தாழ இரவு 10 மணி முதல் 2 மணி வரையும், வைகறையை 2 மணி முதல் 6 மணி வரையும் கொள்வர். வைகறை என்பதற்கு, வைகிய இருள் அறும் பொழுது என்று பொருள் சொல்வர்.

இங்கு கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. இந்த மரபில் 12 மணி என்பது எல்லைக்கோடு அல்ல. அது யாமத்தின் நட்டநடுவில் கிடக்கிறது. 'நள்' என்றால் நடு. நள்ளிரவு என்றால் இரவின் நடு. ஒன்றின் நடுப்பகுதி அதன் முடிவாகவோ மற்றொன்றின் தொடக்கமாகவோ எப்படி இருக்க முடியும்? தமிழர் நாள் சூரிய உதயத்தில் பிறந்தது. ஆகவே நள்ளிரவுக்குப் பின்னரும் அது பழைய நாளின் இரவே.

சங்க காலத்தில் இந்தப் பொழுதுகளை அளக்கக் கருவியும் ஆளும் இருந்தன. முல்லைப்பாட்டு, போர்ப் பாசறையில் நீர்க்கன்னலைக் கொண்டு நாழிகை கணித்து மன்னனுக்கு அறிவித்தோரைக் காட்டுகிறது. மாங்குடி மருதனாரின் மதுரைக்காஞ்சி ஒரு நகரத்தின் இரவைச் சாமம் சாமமாக நடத்திச் செல்கிறது. கடைகள் அடங்குவதும், ஊர் உறங்குவதும், மூன்றாம் சாமத்தில் கள்வர் உலாவுவதும், அவர்களைத் தேடிக் காவலர் திரிவதும், பின்னர் விடியலின் ஓசைகள் எழுவதும் அங்கு வரிசையாக வருகின்றன. ஒரு நகரின் இரவைப் பற்றி இவ்வளவு ஒழுங்காக எழுதப்பட்ட ஒரு நிருபரின் குறிப்பை எனது தொழில் வாழ்க்கையில் நான் கண்டதில்லை.

இனி, பேச்சு வழக்குக்கு வருவோம். யாழ்ப்பாணத்து முதியவர்களிடம் இரவின் பின்பாதிக்கு எத்தனையோ சொற்கள் இருந்தன. நடுச்சாமம், ஏமஞ்சாமம், சாமக்கோழி கூவும் நேரம், விடிசாமம், விடிவெள்ளி எழும் நேரம், விடியப்புறம், நிலம் வெளிக்கும் நேரம். இவற்றுள் ஏமஞ்சாமம் என்பது பொழுதை மட்டுமன்றி அப்பொழுதின் தகாமையையும் சேர்த்துச் சொல்வது. 'ஏமஞ்சாமத்திலை எங்கை போறாய்?' என்று தாய்மார் கேட்டால், அது மணி கேட்பதல்ல, போகாதே என்பது. அகராதிகளில் ஏமம் என்ற சொல்லுக்கு இரவு என்ற பொருளோடு காவல் என்ற பொருளும் உண்டு என்பது குறிப்பிடத்தக்கது.

விடியப்புறம் என்பது அதற்கு நேர்மாறானது. அது வேலைக்குரிய பொழுது. துலா மிதித்துப் புகையிலைக்கு நீர் இறைத்த காலத்தில், வெயில் ஏறுமுன் இறைப்பை முடிக்கக் கமக்காரர்கள் எழுந்த நேரம் அது. கரைக்குத் திரும்பும் வள்ளங்களின் நேரமும், மார்கழித் திருவெம்பாவைக் காலத்தில் சங்கும் சேமக்கலமும் ஒலிக்க இளைஞர் தெருத்தெருவாகப் போகும் நேரமும் அதுவே. ஆக, ஒரு மணிக்கும் நாலு மணிக்கும் இடையில் மூன்று மணிநேர வேறுபாடு மட்டும் இருக்கவில்லை. முன்னது அச்சத்தின் பொழுது. பின்னது உழைப்பின் பொழுது.

இன்றைய பத்திரிகைத் தமிழ் இவ்விரண்டையும் ஒரே 'அதிகாலை'க்குள் அடைத்துவிட்டது. 'அதிகாலை 12.30 மணியளவில்' என்று நாம் எழுதுகிறோம். கிராமத்து முதியவர் ஒருவரிடம் இதை வாசித்துக் காட்டினால் சிரிப்பார். காலையே இல்லாத இடத்தில் அதிகாலை எங்கிருந்து வந்தது?

இந்தப் பெயர்கள் வெறும் குத்துமதிப்பானவை என்று எண்ணிவிடக்கூடாது. சேவல் வெளிச்சத்தைக் கண்டு கூவுவதில்லை. தன் உடலுக்குள் ஓடும் கடிகாரத்தின்படியே விடியலுக்கு முன் கூவத் தொடங்குகிறது என்பதை ஜப்பானின் நகோயா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013 ஆம் ஆண்டில் நிறுவினர். விடிவெள்ளிக்கு மட்டும் ஒரு குறை உண்டு. சுக்கிரன் 584 நாட்களுக்கு ஒருமுறை தன் சுற்றை முடிக்கிறது. அதில் ஏறத்தாழ எட்டரை மாதங்களே விடியலில் தெரியும், பின்னர் மறைந்து மாலை வெள்ளியாகிவிடும். எனவேதான் நம்மவர்கள் வெள்ளியை மட்டும் நம்பாமல் கோழியையும் சேர்த்து நம்பினார்கள் போலும்.

இது தமிழருக்கு மட்டும் உரிய வழக்கம் அல்ல. உரோமர் இரவை நான்கு காவல்களாகப் பகுத்தனர். கி.பி. 238 இல் நூல் எழுதிய சென்சொரினஸ் என்ற உரோம அறிஞர், நள்ளிரவுக்குப் பிந்திய பொழுதுகளை, சேவல் கூவும் பொழுது, சேவல் அடங்கும் பொழுது, வெளிச்சத்துக்கு முந்திய பொழுது, புலர்பொழுது என்று அடுக்குகிறார். நமது சாமக்கோழியை அவருக்கு அறிமுகம் செய்யத் தேவையிருந்திருக்காது. நம்முடன் வாழும் சிங்கள மக்களின் பௌத்த மரபில் இரவுக்கு மூன்று யாமங்கள்: பெரயம, மெதியம, அலுயம. கௌதமர் ஞானம் பெற்ற இரவு இந்த மூன்று யாமங்களாகவே விபரிக்கப்படுகிறது. கடை யாமத்தில்தான் அவருக்கு முழுமையான தெளிவு கிட்டியது என்பர். இன்று மணித்தியாலத்தைக் குறிக்கும் 'பெய' என்ற சிங்களச் சொல்லும் முன்னர் 24 நிமிடங்கொண்ட நமது நாழிகையையே குறித்தது.

பகுப்பிலும் பெயரிலும் ஒற்றுமை இருக்கலாம். ஆனால் அந்த இரவு எந்த நாளுக்குச் சொந்தம் என்பதிலேதான் சிக்கல் தொடங்குகிறது. நமது நாட்டில் ஒரே தெருவில் மூன்று கணக்குகள் வாழ்கின்றன.

புதன்கிழமை அதிகாலை இரண்டு மணி என்று மணிக்கூடு காட்டும் பொழுதை எடுத்துக்கொள்வோம். பஞ்சாங்கம் பார்க்கும் சைவருக்கு இன்னும் செவ்வாய்க்கிழமை முடியவில்லை. சூரியன் உதித்த பின்னரே புதன். இஸ்லாமியக் கணக்கில் நாள் சூரியன் மறைந்ததும் தொடங்கிவிடும். எனவே முஸ்லிம் பெரியவருக்கு முன்தினம் மஃரிபு நேரத்திலேயே புதன் பிறந்துவிட்டது. அவர் 'புதன் இரவு' என்று சொல்வது, நாம் செவ்வாய் இரவு என்று சொல்லும் அதே இரவைத்தான். 'வெள்ளி இரவு' என்று அவர்கள் சொன்னால் அது வியாழன் பின்னேரத்தின் பின்வரும் இரவு என்பதைக் கிழக்கு மாகாணத்தில் பணியாற்றிய எந்த நிருபரும் அறிவார். மூன்றாவது, அரசாங்கத்தின் கணக்கு. அது இரவை நடுவில் வெட்டி, ஒரு பாதியைச் செவ்வாய்க்கும் மறுபாதியைப் புதனுக்கும் கொடுக்கிறது.

இந்த மூன்றில் எதுவும் பிழையானதல்ல. வானியலாளர்கள்கூட 1925 ஆம் ஆண்டு வரை தமது நாளை நண்பகலில் தொடங்கினார்கள். இரவு முழுவதும் வானத்தைப் பார்ப்பவர்களுக்கு நடு இரவில் திகதி மாறுவது இடைஞ்சலாக இருந்தது.

நமது குடும்பங்களில் இந்த இரட்டைக் கணக்கு எழுத்திலேயே இருக்கிறது. புதன் அதிகாலை மூன்று மணிக்கு ஒரு குழந்தை பிறந்தால், பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் புதன்கிழமைக்குரிய திகதி இருக்கும். சாதகத்திலோ செவ்வாய்க்கிழமை என்றிருக்கும். உதயம் ஆறு மணி என்று கொண்டால், 'உதயாதி 52½ நாழிகை' என்று சோதிடர் எழுதியிருப்பார். செவ்வாய் உதயத்திலிருந்து 21 மணிநேரம் கழிந்தது என்பது அதன் பொருள். இரண்டும் சரி. ஆனால் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும் அந்நியர் ஒருவருக்கு இதில் ஒன்று பொய் என்றே தோன்றும்.

இவ்வளவும் போதாதென்று, மணிக்கூடும் நமது நாட்டில் நிலையாக இருக்கவில்லை. 1906 ஜனவரி முதலாம் திகதி கிறீன்விச்சிலிருந்து ஐந்தரை மணிநேரம் என்று இலங்கையின் நேரம் வகுக்கப்பட்டது. உலகப் போர் காரணமாக 1942 ஜனவரியில் அரை மணியும், அதே ஆண்டு செப்டெம்பரில் மேலும் அரை மணியும் முன்னோக்கி நகர்த்தப்பட்டு, 1945 ஒக்டோபரில் பழைய நிலைக்குத் திரும்பியது. பின்னர் 1996 இல் வரட்சியினால் நீர்மின் உற்பத்தி குன்றியபோது, மே 25 ஆம் திகதி நேரம் ஒரு மணி முன்தள்ளப்பட்டது. ஒக்டோபர் 26 ஆம் திகதி அதில் அரை மணி குறைக்கப்பட்டது. 2006 ஏப்ரல் 15 ஆம் திகதிதான் நாடு மீண்டும் ஐந்தரை மணிக் கணக்குக்கு வந்தது.

விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகள் 1996 ஆம் ஆண்டின் மாற்றத்தை ஏற்கவேயில்லை. ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் இத்தீவில் இரண்டு நேரங்கள் ஓடின. போர்நிறுத்தக் காலத்தில் ஓமந்தையைக் கடந்து வன்னிக்குள் போனவர்கள் கைக்கடிகாரத்தை அரை மணி பின்வைத்ததை நினைவில் வைத்திருப்பார்கள். 'பழைய நேரமா, புது நேரமா?' என்ற கேள்வி அன்றாடப் பேச்சாக இருந்தது. இதனால் விளைந்ததைக் கவனியுங்கள். வவுனியாவில் 16 ஆம் திகதி அதிகாலை 12.15 என்றால், கிளிநொச்சியில் அப்போது 15 ஆம் திகதி இரவு 11.45. ஒரே கணத்துக்கு இரண்டு திகதிகள். அதேபோல், 2006 ஏப்ரல் 15 ஆம் திகதி 12.30 மணிக்கு முட்கள் 12 மணிக்குத் திருப்பப்பட்டபோது, அன்று நள்ளிரவை அடுத்த அரை மணிநேரம் இருமுறை வந்துபோயிற்று. அந்த அரை மணியில் பிறந்த குழந்தைகளின் சாதகத்தைக் கணிக்கச் சோதிடர்களுக்குக் கூடுதல் கவனம் தேவைப்பட்டிருக்கும்.

இவை எல்லாம் சுவையான தகவல்கள் என்று கடந்து போய்விடலாம். ஆனால் நமது அண்மைய வரலாற்றின் கொடுமைகள் பெரும்பாலும் இந்தப் பொழுதிலேயே நிகழ்ந்தன. சுற்றிவளைப்பும், கதவு தட்டலும், தீ வைப்பும் பகலைத் தேடி வந்தவை அல்ல. எனவே அவற்றின் திகதிகளும் இந்த வெட்டுக்கோட்டின் இருபுறமும் சிதறிக் கிடக்கின்றன.

யாழ்ப்பாணப் பொது நூலகத்தை எடுத்துக்கொள்வோம். 1981 மே 31 ஞாயிற்றுக்கிழமை நாச்சிமார் கோயிலடியில் நடந்த தேர்தல் கூட்டத்தில் பொலிஸார் மீது துப்பாக்கிப் பிரயோகம் நடந்ததைத் தொடர்ந்து யாழ் நகரில் வன்செயல் மூண்டது; அது அடுத்தடுத்த நாட்களுக்கும் நீண்டது. ஜூன் 4 ஆம் திகதி மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தல். இடையில் ஏறத்தாழ 97,000 நூல்களுடன் நூலகம் எரியூட்டப்பட்டது. மே 31 இரவு என்று ஒரு சாராரும், ஜூன் 1 இரவு என்று மற்றொரு சாராரும் எழுதி வருகின்றனர். நினைவுக் கூட்டங்களும் இரு திகதிகளில் நடக்கின்றன. நான் இங்கு சொல்ல விரும்புவது, 'ஜூன் 1 இரவு' என்ற தொடரே இரு பொருள் படுவது என்பதைத்தான். ஜூன் 1 பிறந்தபின் விடியுமுன் இருந்த இருளா? அல்லது அன்று பொழுது பட்டபின் வந்த இருளா? இரண்டுக்கும் இடையில் ஒரு முழுப் பகல் கிடக்கிறது. அந்தப் பகலில் யார் எங்கிருந்தார்கள், யார் எந்த ஆணையைப் பிறப்பித்தார்கள், யாரால் தடுத்திருக்க முடியும் என்பவையெல்லாம் அந்த ஒரு சொல்லைப் பொறுத்தே அமைகின்றன.

ஏறாவூரில் நூற்றுக்கும் மேற்பட்ட முஸ்லிம் மக்கள் கொல்லப்பட்டதையும் சில பதிவுகள் 1990 ஓகஸ்ட் 11 என்றும், வேறு சில 12 என்றும் குறிக்கின்றன. இரவு ஒன்றே, அதை வெட்டிய கணக்குகள்தாம் வேறு. ஆயினும் திகதிகள் இரண்டாக இருப்பதைக் காட்டி, நடந்ததையே ஐயத்துக்குரியதாக்க முனைவோர் எல்லாத் தரப்பிலும் உண்டு என்பதை நாம் மறந்துவிடக்கூடாது.

பெரிய சம்பவங்களுக்கு ஆயிரம் சாட்சிகள் உண்டு. தனி மனிதருக்கு நேர்ந்ததற்கு ஒருவரோ இருவரோதான். தொண்ணூறுகளின் பிற்பகுதியில் ஒரு தாய் தனது கடதாசிகளை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். அவருடைய மகனை இரவு ஒரு மணியளவில் வீட்டுக்கு வந்தவர்கள் கூட்டிச் சென்றிருந்தனர். காலையில் அவர் கொடுத்த முறைப்பாட்டில், எழுதியவர் அன்றைய புதன்கிழமைத் திகதியைப் போட்டிருந்தார். பின்னர் நடந்த ஒரு விசாரணையில் அத்தாய் 'செவ்வாய்க்கிழமை இரவு' என்று சொல்லியிருக்கிறார். அவருடைய கோப்பின் ஓரத்தில் 'வாக்குமூலத்தில் முரண்' என்று எழுதப்பட்டிருந்தது.

"அம்மா, அது எந்த நாள்?" என்று நானும் கேட்டேன்.

"செவ்வாய்தான் தம்பி. நிலம் வெளிக்கேல்லைத்தானே. விடிஞ்சாத்தானே புதன்" என்றார்.

அவர் சொன்னதில் ஐயத்துக்கு இடமேயில்லை. தொல்காப்பியர் காலம் முதல் அவருடைய பாட்டி காலம் வரை இருந்துவந்த கணக்கை அவர் சொன்னார். பஞ்சாங்கத்தின் அந்தப் பக்கத்தை இணைத்து, நாள் உதயத்தில் தொடங்கும் வழக்கத்தை விளக்கி ஒரு கடிதம் எழுதிக்கொடுத்தேன். சில மாதங்களின் பின், அந்த முரண் நீக்கப்பட்டதாக அவருக்குப் பதில் வந்தது. மகன் வரவில்லை.

அதன் பிறகு வெளிநாடுகளில் அகதி விண்ணப்பம் செய்தவர்கள் பலரின் கடதாசிகளைப் பார்த்திருக்கிறேன். மொழிபெயர்ப்பாளர் 'சாமம்' என்பதை நள்ளிரவு என்று பெயர்க்கிறார். 'விடியப்புறம்' என்பதைக் காலை என்று பெயர்க்கிறார். கேட்கும் அதிகாரிக்கு முன்னது முதல்நாள் பன்னிரண்டு மணியாகவும், பின்னது மறுநாள் எட்டு மணியாகவும் படுகிறது. ஒரே பொழுதைப் பற்றிய இரண்டு சொற்கள் இரண்டு கதைகளாகிவிடுகின்றன.

இன்று புலம்பெயர்ந்த நாடுகளிலும் தாயகத்திலும் இளைஞர்கள் பலர் முதியவர்களின் வாய்மொழி வரலாற்றைப் பதிவு செய்து வருகின்றனர். மிகவும் வரவேற்கத்தக்க முயற்சி. அவர்களுக்கு ஒரு பழைய செய்தியாளனின் வேண்டுகோள் சில உண்டு. திகதியை முதலில் கேட்காதீர்கள். கோழி கூவிவிட்டதா, நிலம் வெளித்ததா, நிலவு இருந்ததா, விடிந்த பின் அன்று என்ன செய்தீர்கள் என்று கேளுங்கள். அவர்கள் சொல்லும் பொழுதின் பெயரை அப்படியே எழுதுங்கள். 'அதிகாலை' என்று திருத்தாதீர்கள். சொல்பவர் எந்தக் கணக்கில் சொல்கிறார் என்பதைக் குறியுங்கள். 1996 க்கும் 2006 க்கும் இடைப்பட்ட சம்பவமாயின் பழைய நேரமா, புது நேரமா என்று கேட்க மறவாதீர்கள். இறுதியாக, ஓர் இரவை ஒற்றைத் திகதியால் குறிக்காமல், 'செவ்வாய் முடிந்து புதன் விடியும் இரவு' என்று இரு நாட்களையும் சேர்த்து எழுதுங்கள். சற்று நீளமான தொடர்தான். ஆனால் அதை வாசிக்கும் எவரும், எந்தக் கணக்கைப் பின்பற்றினாலும், அந்த இரவைத் தவறவிட முடியாது.

நமது மொழி அந்த ஆறு மணிநேரத்துக்கு இத்தனை பெயர்களை வைத்திருப்பது அலங்காரத்துக்காக அல்ல. இருளில் நடந்ததை ஒருவருக்கொருவர் பிசகின்றிச் சொல்லிக்கொள்வதற்காகவே. அச்சொற்களை அறிந்த தலைமுறை மெல்ல மெல்ல மறைந்துகொண்டிருக்கிறது. அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்வது நமது கடமை.